தையல்நாயகி அம்மையார் தரையில் வைத்துக் கேட்ட கதை

திருநொச்சியூரில் பொழுது முதலில் விடிவது கீழவீதியின் கடைசிக் கட்டடத்துக்குத்தான். ஆற்றிலிருந்து எழும் பனி அதன் சுற்றுச்சுவரில் சாய்ந்து ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டுத்தான் அம்மையப்பர் கோயில் பக்கம் நகரும். அந்தப் பனிக்குள்ளிருந்து துடைப்பச் சத்தம் கேட்கும். பிறகு வாளி வைக்கும் சத்தம். பிறகு யாரோ ஒரு கதவை இரண்டு முறை தட்டும் சத்தம். தட்டிய பின் நெடுநேரம் ஒன்றுமே கேட்காது. அந்த ஒன்றும் கேட்காத நேரம்தான் தையல்நாயகி அம்மையார் செய்த திருத்தொண்டு.

அந்தக் கட்டடத்தின் பலகையில் நீளமாக ஒரு பெயர் எழுதியிருக்கிறது. ஊரில் யாரும் அதைப் படித்ததில்லை. பேசா மடம் என்றால்தான் ஆட்டோக்காரருக்கே தெரியும். மனவளர்ச்சி குன்றிய ஆண்கள் பதினொரு பேர் அங்கே இருந்தார்கள். இளையவருக்கு இருபத்தெட்டு, மூத்தவருக்கு அறுபத்தொன்று. சிலருக்கு இரண்டு மூன்று சொற்கள் உண்டு, சிலருக்கு அதுவும் இல்லை. தலை நரைத்தவரைக்கூட ஊர் 'பிள்ளைங்க' என்றே சொல்லும். அம்மையார் மட்டும் வயதைப் பார்த்து அய்யா என்பார், அண்ணே என்பார், இளையவரைத் தம்பி என்பார். எதிர்வீட்டு லோகாம்பாள் இதைக் கேட்டுச் சிரிக்காத நாளில்லை. செவிடன் காதில் சங்கு ஊதுவார்கள் என்று கேட்டிருக்கிறோம், இந்த அம்மாள் சங்கின் காதிலேயே ஊதுகிறாள் என்பது அவள் கண்டுபிடித்த பழமொழி.

அம்மையாருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கணவர் போய், பிள்ளையும் இல்லாமல், ஒரு தகரப் பெட்டியோடு பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஊருக்குள் வந்தவர். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, நனைந்த விரிப்புகளை அலசுவது, இதுதான் வேலை. அவருக்கு முன் இருந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் பதினொரு பேரையும் கழுவி, பாத்திரம் கவிழ்த்தது போல வரிசையாக உட்காரவைத்துவிடுவார்கள். அம்மையாரோ கதவைத் தட்டுவார். துண்டை எடுத்துக் காட்டி, குளிக்கப் போகலாமா என்று கேட்பார். பிறகு நிற்பார். தம் மூச்சைப் பத்து வரை எண்ணுவார். அதற்குள் ஒரு விரல் அசையலாம், ஒரு பார்வை துண்டின் மேல் வந்து அமரலாம், முகம் சுவர்ப்பக்கம் திரும்பலாம். எதுவானாலும் அது பதில். முகம் திரும்பினால், சரிங்கய்யா, பொறவு வர்றேன் என்று துண்டை மடித்துக்கொண்டு போய்விடுவார். இந்த லட்சணத்தில் கடைசி ஆள் குளித்து முடிக்கும்போது கோயிலில் உச்சிக்கால மணி அடிக்கும்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது. சன்னலை அந்தப் பக்கமாக வைத்தவர் கொத்தனார்.

மேற்பார்வையாளர் இராமாமிர்தம் கடிகாரத்தை நம்பி வாழ்பவர். நாயகி, இவங்க என்ன மந்திரிகளா, உத்தரவு வாங்கிக் குளிப்பாட்டுறதுக்கு என்று தினமும் ஒரு முறை கேட்பார். அம்மையார் அவர் பேசி முடிக்கும் வரை பொறுமையாக நின்று, அதற்கும் பத்து மூச்சு விட்டு, ஆமாங்க சார் என்பார்.

விடியற்காலையில் வேலைக்கு வருமுன் அம்மையப்பர் சன்னதிக்கு வருவது அவர் வழக்கம். வலப்பாதி அப்பனும் இடப்பாதி அம்மையுமாக ஒரே திருமேனியில் நிற்கும் மூர்த்தி. ஊரில் எந்த நல்ல காரியமானாலும் அங்கே போய்க் காத்திருப்பார்கள். சாமியின் வலப்பக்கத்திலிருந்து பூ விழுந்தால் உத்தரவு கிடைத்துவிட்டது. இடப்பக்கம் விழுந்தால் தேங்காயை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். நாமெல்லாம் வேண்டுதலைச் சொன்ன கையோடு சுண்டலுக்குக் கை நீட்டுகிறவர்கள். அம்மையார் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பவர். குருக்கள் திரை போட்டாலும் திரைக்கு முன் நிற்பார்.

ஒரு நாள் லோகாம்பாள் வாய் பொறுக்காமல் கேட்டே விட்டாள். "ஏண்டி தையலு, அதுங்களுக்கு என்ன தெரியும்னு நீ பாட்டுக்குக் கேட்டுக்கிட்டு நிக்கிற?"

"பதினொரு வருசமா அம்மையப்பர்கிட்டயும்தான் கேட்டுக்கிட்டு நிக்கிறேன் அக்கா. அவரு ஒரு நாளும் வாயத் தொறந்ததில்ல. அதுக்காக அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட முடியுமா?"

லோகாம்பாள் சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே போனது எங்கள் வீதியில் அதுதான் முதல் முறை.

பதினொருவரில் உலகநாதர் என்று ஒருவர். நாற்பத்தாறு வயது, நல்ல உயரம். அம்மையார் வேலைக்குச் சேர்ந்த அதே மாதம் கொண்டுவந்து விடப்பட்டவர். அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் வந்ததில்லை. மடியில் எப்போதும் ஒரு மரச் சீப்பு இருக்கும். அதன் பற்களை விரல் நுனியால் மீட்டிக்கொண்டு, வேறு யாருக்கும் கேட்காத ஒரு கச்சேரிக்குத் தலையசைத்தபடி முற்றத்துப் பவழமல்லியின் கீழ் அமர்ந்திருப்பார். பூக்கள் தலையில் விழும், தட்டிவிட மாட்டார். அம்மையார் தமது சோற்றை எடுத்துக்கொண்டு அவருக்கு அருகில் போய் உட்காருவார். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளாமல் சாப்பிடுவதைப் பார்த்தால், நெடுநாள் ஒன்றாய்க் குடித்தனம் செய்த அண்ணன் தங்கை போலிருக்கும். அம்மையாருக்கு இந்த உலகத்தில் இருந்த உலகம் அது ஒன்றுதான்.

உலகநாதருக்கென்று அம்மையார் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஒரு கையில் இட்லித் தட்டு, ஒரு கையில் உப்புமாத் தட்டு. ஒரு கையில் நீலச் சட்டை, ஒரு கையில் வெள்ளைச் சட்டை. மாலையானால் ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் உட்காரும் பாய். இரண்டையும் நீட்டிவிட்டுக் காத்திருப்பார். உலகநாதர் தயங்காமல் ஒன்றை எடுத்துக்கொள்வார். எங்கள் வீதி இதற்குப் பூக்கட்டிப் பார்ப்பது என்று பெயர் வைத்தது. ஆனால் அது பலித்தது. அம்மையார் ஒரு நாற்பது பக்க நோட்டில் எல்லாவற்றையும் எழுதிவைத்தார். உலகநாதர் அய்யாவுக்கு உப்புமா பிடிக்கும். நீலம் பிடிக்கும். மாலையில் நடப்பதைவிட முற்றத்தில் உட்காருவது பிடிக்கும். வெளியூர் இல்லங்களிலிருந்துகூட இரண்டு மூன்று பேர் வந்து, வாய் பேசாதவரிடம் இப்படியும் பேசலாமா என்று வியந்து, குறித்துக்கொண்டு போனார்கள். இராமாமிர்தமே அவர்களுக்குக் காபி வாங்கித் தந்து, எங்க நாயகி என்றார்.

இப்படி இருக்கையில், உலகநாதரின் தம்பி சிற்றம்பலம் கரூரிலிருந்து வந்தார். தறி போட்டுப் போர்வை நெய்பவர். தாயார் இறந்தபோது ஒற்றை அறையில் குடியிருந்ததால் அண்ணனை இங்கே விட்டவர். மாதம் தவறாமல் வந்து, பார்த்து, தலைகுனிந்து திரும்புகிறவர். இப்போது சொந்த வீடு. கீழேயே ஒரு அறை, வாசலில் வேம்பு. தை மாதம் அண்ணனை அழைத்துப்போய்ப் பத்து நாள் வைத்திருந்தும் பார்த்தார். அண்ணன் வருவதானால் கூட்டிப் போகிறேன், மாட்டேன் என்றால் இனி அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன், அக்கா கேட்டுச் சொன்னால் போதும் என்றார். இங்கேயா, அங்கேயா? பேசாத ஒரு மனிதரின் மிச்ச வாழ்நாள் அந்தக் கேள்வியில் இருந்தது. அம்மையாரின் மிச்ச வாழ்நாளும் கொஞ்சம் இருந்தது.

கரூரில் உலகநாதர் போர்த்திப் படுத்த சிவப்பும் பச்சையும் கோடு போட்ட போர்வையைச் சிற்றம்பலம் கொண்டுவந்திருந்தார். அது தம்பி வீடு. பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டு, அது இந்த வீடு. காலை பத்து மணிக்கு எல்லாரும் முற்றத்தில் கூடினார்கள். அம்மையார் ஒரு கையில் தட்டும் ஒரு கையில் போர்வையுமாக நின்றார். உலகநாதர் தட்டை எடுத்துக்கொண்டார்.

சிற்றம்பலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மையாரின் முகம் ஏற்றிவைத்த அகல் போலாயிற்று. இதை எழுதாமல் விட்டால் கதை இன்னும் அழகாக இருக்கும். ஆனால் நாங்கள் பார்த்தோமே.

பகல் சாப்பாட்டு நேரத்தில் அது நடந்தது. அம்மையாரின் வலக்கையில் சாம்பார் வாளி. கிளம்பி நிற்கும் விருந்தாளியைச் சும்மா அனுப்பக் கூடாதே என்று, இடக்கையில் இருந்த மோர்த் தம்ளரை அப்படியே சிற்றம்பலத்திடம் நீட்டினார். சிற்றம்பலத்தின் கை பாதி வழியில் நின்றது. அவர் கூச்சத்தோடு சிரித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா, பழக்கதோசம். பீச்சாங்கையால குடுத்தா எங்கம்மா வாங்கவே விடமாட்டாங்க. வாங்கிட்டா புறங்கையில கரண்டிக்காம்பு பேசும். எனக்குப் படிய ரொம்ப நாளாச்சு. அண்ணன் அப்படியில்ல, ஒரே வாரத்துல படிஞ்சிருச்சு."

அம்மையார் வாளியைக் கீழே வைத்து, தம்ளரை வலக்கைக்கு மாற்றிக் கொடுத்தார். சிற்றம்பலம் குடித்துவிட்டு விடைபெற்றுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தார். அம்மையார் நின்ற இடத்திலேயே நின்றார். முற்றத்துக் குழாயிலிருந்து நீர் ஒவ்வொரு சொட்டாகத் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் ஓர் ஆண்டு போவது போல அவருக்கு இருந்திருக்கும். அப்படிப் பதினொரு சொட்டு.

பிறகு அவர் பவழமல்லியின் கீழ் போனார். உலகநாதரிடம், அய்யா, சீப்பைக் கொஞ்சம் குடுங்க என்று கேட்டுக் காத்திருந்து வாங்கினார். சீப்பை இடக்கையில் வைத்துக்கொண்டார். வலக்கையில் ஒரு காலி மருந்துப் புட்டி. இரண்டையும் நீட்டினார். உலகநாதரின் கண் சீப்பை விட்டு அசையவில்லை. விரல்கள் தாமாகவே அந்தரத்தில் மீட்டின. ஆனால் கை போய் எடுத்தது காலிப் புட்டியை. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மரியாதை தெரிந்த மனிதராக, அவர் தலைகுனிந்து அமர்ந்திருந்தார்.

அம்மையார் சீப்பை அவர் மடியில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். தமக்குப் பிடித்ததைத் தம்மை அறியாமல் சோற்றாங்கையில் எடுப்பது யாருக்கும் இயல்பு. உப்புமா அம்மையாருக்குப் பிடிக்கும். நீலம் அவர் கணவருக்குப் பிடித்த நிறம். மாலையில் கால் வலிக்கும், அதனால் நடை வேண்டாம். இன்று காலை தட்டு இருந்ததும் வலக்கையில்தான். நாற்பது பக்க நோட்டு முழுவதும் அம்மையார் தம் கையெழுத்தில் தம்மையே எழுதிவைத்திருந்தார். அந்தப் பெரிய மனிதர் ஒரு முறையும் முகம் சுளிக்காமல் பதினொரு ஆண்டு உப்புமா தின்றிருக்கிறார். உப்புமா என்றதும் சிரிக்கத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது, பாதியில் நின்றுவிட்டது.

அப்போது இது வேறு யாருக்கும் தெரியாது. பேசாமல் இருந்துவிட்டால் உலகநாதர் இங்கேயே இருப்பார், பெயரும் நிற்கும். உச்சிவெயிலில் அம்மையார் கோயிலுக்குப் போனார். நடை சாத்தியிருந்தது. சாத்திய கதவின் முன் நின்று கேட்டார். காத்திருந்தார். கதவின் பித்தளைக் குமிழ்களில் வெயில் ஆயிரம் சிறிய சூரியன்களாகக் கொதித்தது. உள்ளேயிருந்து வழக்கம்போல் ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வராததைக் கேட்கத் தெரிந்தவர் அல்லவா, கேட்டுவிட்டார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு ஓடினார். அவர் ஓடி எங்கள் வீதி பார்த்ததில்லை.

திருச்சி வண்டியில் ஒரு கால் வைத்திருந்த சிற்றம்பலம் இறங்கிவந்து எல்லாவற்றையும் கேட்டார். வண்டியைப் போகச் சொல்லிக் கையசைத்தார்.

"அவரு இங்கயே இருக்கணும்னுதானே அக்கா நீங்களும் ஆசைப்பட்டீங்க?"

"ஆமா தம்பி. அதனாலதான் ஓடி வந்தேன்."

இராமாமிர்தம் தலையில் கை வைத்துக்கொண்டார். பாடம் படித்துப் போன வெளியூர்க்காரர்களுக்கு இனி என்ன சொல்வது என்பது அவர் கவலை. லோகாம்பாள் தெரு முழுக்கச் சொன்னாள்: பதினொரு வருசமா சாமியாடிட்டு, இப்ப வந்தது சாமியே இல்லைங்கிறா. அம்மையார் இரண்டையும் கேட்டுக்கொண்டார். இன்னொரு முறை கேட்க வேண்டும், கையில் வைத்து அல்ல என்று மட்டும் சொன்னார். கூட்டமும் கூச்சலும் இல்லாமல், உலகநாதருக்குப் பழகிய இடமாக இருக்க வேண்டும். பிரதோஷம் தோறும் அவர் மனம் ஒன்றி அமர்கிற ஒரே இடம் அம்மையப்பர் சன்னதி முன் மண்டபம். அங்கே கேட்பது என்றாயிற்று.

அந்தி மயங்கும் வேளை. மண்டபத்தில் எண்ணெய் மணமும் வௌவால் மணமும் கலந்து கிடந்தன. தூண்களில் இருந்த யாளிகள் விளக்கின் அசைவில் மூச்சு விடுவது போலிருந்தன. அம்மையார் கல்தரையில் தட்டைத் தனியாகவும் போர்வையைத் தனியாகவும் வைத்தார். உலகநாதரை அவற்றின் முன் அமரச் சொன்னார். பிறகு எழுந்துபோய் நந்திக்குப் பின்னால், தூணோடு தூணாக, முகம் தெரியாமல் உட்கார்ந்துகொண்டார். சிற்றம்பலத்தையும் பின்னால் வரச் சொன்னார்.

"நம்ம மூஞ்சியும் ஒரு சோத்தாங்கைதான் தம்பி. அது வேண்டியத நீட்டிரும்."

ஆக, உலகநாதருக்கு எதிரே இரண்டு பொருள்களும் அம்மையப்பரும் மட்டும்.

முதலில் அவர் ஒன்றும் செய்யவில்லை. நீட்டுகிற கை எங்கே என்று தேடினார். மேலே பார்த்தார், பக்கத்தில் பார்த்தார். கை இல்லை. சீப்பை மீட்டினார். வேடிக்கை பார்க்க வந்த நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால், சத்தம் காட்டாமல், ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு நின்றோம். பத்து மூச்சு போயிற்று, நூறு மூச்சு போயிற்று. இராமாமிர்தம் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பார்க்க மறந்துவிட்டார். எங்கோ குளத்தில் ஒரு மீன் துள்ளிய சத்தம் மண்டபம் வரை வந்து வட்டமிட்டது. விழித்திருக்கிறோமா என்று எங்களுக்கே ஐயம் வந்த ஒரு நேரத்தில், உலகநாதர் குனிந்து போர்வையை எடுத்தார். முகர்ந்தார். தோளில் போட்டுக்கொண்டார்.

அம்மையார் எழுந்துவந்து, போர்வையை இந்தப் பக்கமும் தட்டை அந்தப் பக்கமுமாக மாற்றிவைத்துவிட்டுப் போய் ஒளிந்துகொண்டார். போர்வை. மூன்றாம் முறை, போர்வையைத் தூரத்தில் வைத்தார். உலகநாதர் எழுந்து நடந்துபோய் எடுத்தார். மாலையில் நடக்கவும் பிடிக்கும் போலிருக்கிறது.

சிற்றம்பலம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அம்மையார் அழவில்லை. தூணைப் பிடித்திருந்த கை மட்டும் வெளுத்திருந்தது. நந்தியின் பின்னாலிருந்தே அம்மையப்பரைப் பார்த்து, கேட்டுச் சொல்லிட்டேன் சாமி, இனி உன் சித்தம் என்றார்.

அப்போது திருமேனியிலிருந்து ஒரு செவ்வரளி விழுந்தது. இடப்பக்கம்.

கூட்டம் உச்சுக்கொட்டியது. ஐயோ, உத்தரவு இல்லையே என்றாள் லோகாம்பாள். தீபத்தட்டோடு உள்ளே நின்ற சோமாஸ்கந்த குருக்கள் திரும்பிப் பார்த்தார். எண்பது வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார்.

"இடப்பக்கம் ஆரோடதுன்னு மறந்துபோச்சா? பாதி உடம்பு அவளோடதுன்னோ, இது அவ குடுத்த உத்தரவு. இத்தன வருஷமா அந்தப் பக்கம் விழுந்த பூவையெல்லாம் கூட்டித் தள்ளிண்டிருந்தோமே."

அவர் பூவை எடுத்து, தட்டில் வைத்துக் கொண்டுவந்து, வாசற்படியில் வைத்தார். கையில் கொடுக்கவில்லை. அவரும் அன்று ஏதோ கற்றுக்கொண்டிருந்தார் போலும்.

உலகநாதர் எழுந்தார். தோளில் போர்வை தொங்க, படியருகே போய்ப் பூவை எடுத்தார். எங்களையெல்லாம் தாண்டி, தம்பியையும் தாண்டி, நந்திக்குப் பின்னால் போனார். தூணோரம் குறுகி அமர்ந்திருந்த அம்மையாரின் முன்னால் முழங்காலிட்டு, அந்தப் பூவை இரண்டு கைகளாலும் ஏந்தி நீட்டினார். பதினொரு ஆண்டாக அவர் வாங்கியே பழகியவர். அவர் தாமாக ஒன்றைத் தருவார் என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. நீட்டிவிட்டுக் காத்திருந்தார். பத்து மூச்சு இருக்கும்.

அம்மையாரும் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். அப்போதுதான் அழுதார்.

மறுநாள் காலை வண்டியில் உலகநாதர் கரூர் போனார். நோட்டில் எழுதியிருந்ததையெல்லாம் குறுக்கே அடித்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் நாலே வரி எழுதி அம்மையார் சிற்றம்பலத்தின் மனைவிக்குக் கொடுத்தனுப்பினார்: கையில் வைத்துக் கேட்காதீர்கள். தரையில் வைத்துக் கேளுங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். பதில் வரும், பொறுங்கள். ஒரு மாதம் கழித்துப் பதிலும் வந்தது. அவருக்கு உப்புமாவை வைத்தால் தட்டையே தள்ளிவிடுகிறாராம். அதைப் படித்து அம்மையார் சிரித்த சிரிப்பு எங்கள் சன்னல் வரை கேட்டது.

இல்லத்தில் இப்போதும் பத்துப் பேருக்கும் குளித்து முடிய உச்சிக்காலம் ஆகிறது. அம்மையார் எல்லாரையும் முதலிலிருந்து கேட்கத் தொடங்கிவிட்டார். இராமாமிர்தம் கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு வருகிறார். பவழமல்லியின் கீழ் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாக இருக்கிறது, பூ விழுகிறது, அம்மையார் தம் சோற்றை அங்கேயே வைத்துச் சாப்பிடுகிறார். கோயிலில் இடப்பக்கம் விழும் பூவை இப்போது யாரும் கூட்டித் தள்ளுவதில்லை. லோகாம்பாள்தான் முதலில் போய் எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறாள்.

பேசாத தெய்வத்திடமும் பேசாத மனிதரிடமும் ஒரே பொறுமையோடு கேட்டு, வந்த பதில் தமக்கு எதிராக இருந்தபோதும் அதைக் கேளாததாக விடாத தையல்நாயகி அம்மையாரை, சிரித்துக்கொண்டிருந்த எங்கள் வீதி இன்று கும்பிடுகிறது. கூப்பிய கைகளில் வலது எது, இடது எது.